வேனுக்கு முடிந்து வைத்த காசு

மார்ச் மாதம் இருபதாம் தேதிக்கு மேல் என் ஆபீஸ் படியேறி வருகிறவர்கள் எல்லோருமே வள்ளல்கள். மற்ற நாட்களில் ஜெராக்ஸ் கடையில் ஒரு ரூபாய் சில்லறைக்குச் சண்டை போடுகிறவர்கள், அந்தப் பத்து நாள் மட்டும் "ஏதாவது டிரஸ்டுக்குக் குடுக்கலாம்னு இருக்கேன் மேடம்" என்று தழுதழுப்பார்கள். ராஜபாளையத்தில் இருபத்தைந்து வருடமாக வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுத்துப் பிழைக்கிறவள் நான். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். இத்தனை வருடத்தில் மனிதர்களைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டாகியிருந்தது. தர்ம சிந்தனை மார்ச்சில் முளைக்கும், ஏப்ரலில் பட்டுப்போகும்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. வருமான வரிச் சட்டத்தில் எண்பது ஜி என்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவில் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்தால், கொடுத்ததில் பாதியை உங்கள் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அந்த அளவுக்கு வரி குறையும். ரசீது வேண்டும், உங்கள் பெயரும் பான் நம்பரும் அதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். "எய்ட்டி ஜி இருக்கா?" என்பதுதான் வருகிறவர்களின் முதல் கேள்வி. அந்த டிரஸ்ட் என்ன செய்கிறது என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆலங்குளத்திலிருந்து ஒருவர் வருவார். ஓய்வூதியம் வாங்குகிறவர். "மொதல்ல ரசீத வாட்ஸப்ல அனுப்புங்க, பொறவு பணத்த அனுப்புதேன்" என்பார். கல்யாண வீட்டில்கூட மொய்ப் பணத்தை வாங்கிக்கொண்டுதானே சார் பேரை எழுதுவார்கள் என்று கேட்டேன். "மொய்க்கு வரிவிலக்கு கெடையாதே" என்றார். இன்னொரு முறை ஒரு வாத்தியார் தம்பதி என் மேஜைக்கு முன்னாலேயே ரசீது யார் பெயரில் என்று மல்லுக்கு நின்றார்கள். யாருக்குச் சம்பளம் அதிகமோ அவர் பெயரில் போட்டால்தான் லாபம் என்று நான் சொன்னதும், அந்த அம்மா தன் சம்பளம்தான் அதிகம் என்பதை முதன்முறையாகச் சபையறிய அறிவித்தார். வாத்தியார் அதற்கப்புறம் எனக்கு வணக்கம் சொல்வதில்லை.

இப்படி ஊராரைக் கேலி செய்கிறேனே தவிர, அவர்கள் கொடுக்கிற பணம் போய்ச் சேர்வது எங்கள் டிரஸ்டுக்குத்தான். அதற்கு நான் செயலாளர். மூன்றே பேர் சேர்ந்து ஆரம்பித்தது. என்னைத் தவிர, ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர். தலைவரும் அவரே, டிரைவரும் அவரே. மூன்றாமவர் மில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், பொருளாளர். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் பேசுவது தெலுங்கு. எங்களிடம் அழகான தமிழ் பேசுவார், காசு எண்ணும்போது மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவார். தமிழில் எண்ணினால் குறைகிறது என்பார்.

டிரஸ்டின் சொத்து ஒரு பழைய வேன். வேலை, சிறுநீரகம் பழுதானவர்களை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவது. காப்பீட்டு அட்டை இருந்தால் டயாலிசிஸ் இலவசம். ஆனால் அட்டை உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகாது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். முடிந்து எழுந்தால் தலை சுற்றும், கால் நிற்காது. அந்த நிலையில் ரெண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போவது எப்படி? விடியற்காலையில் அண்ணாச்சி வத்திராயிருப்புப் பக்கம் கிளம்பி, கான்சாபுரத்தில் ஒருவர், வழியில் நாலு பேர் என்று ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையத்தில் இறக்கிவிடுவார். பிறகு சோழபுரம் போய் இன்னும் ரெண்டு பேர். ராணுவப் பழக்கத்தில் அவருக்கு ஆட்களின் பெயர் நிற்காது, ஊர்தான் நிற்கும். "கான்சாபுரம் ஏறியாச்சா? சோழபுரம் ரெண்டும் இருக்கா?" என்று குரல் கொடுப்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே பழகிவிட்டது.

கான்சாபுரம் என்று நாங்கள் சொன்னது ஒரு பெண்ணை. நாற்பது வயதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், என்னைவிடப் பத்து வயது இளையவள். கொஞ்சம் நிலம், ரெண்டு மாடு, வெளியூரில் வேலைக்குப் போன ஒரு மகன். மூன்று வருடமாக எங்கள் வேனில் வருகிறாள். வாய் ஓயாது. முன் சீட்டு அவளுக்குத்தான் என்பது எழுதாத சட்டம்.

எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, புதிய வரித்திட்டம் வரும் வரை. புதிய திட்டத்தில் வரி குறைவு, ஆனால் வழக்கமான கழிவுகள் அநேகமாக எதுவும் கிடையாது. எண்பது ஜியும் கிடையாது. பழையதா புதியதா என்று அவரவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இதில் என் நிலைமைதான் பரிதாபம். காலையில் ஆபீஸில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டுக் காட்டி, "உங்களுக்குப் புதுசுதான் சார் லாபம், மாறிடுங்க" என்று சொல்கிறவள் நான். அது என் தொழில், மாற்றிச் சொல்ல முடியாது. மாலையில் அதே ஆட்களுக்குப் போன் போட்டு, "நம்ம வேனுக்கு இந்த வருஷம்..." என்று இழுக்கிறவளும் நான். உட்கார்ந்த கிளையை வெட்டுவதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டேன்.

முதல் வருடம் நாலைந்து பேர் மாறினார்கள். அடுத்த வருடம் பாதிப் பேர். பிறகு ஒரு மார்ச்சில் மொத்தமாகக் கழன்றுகொண்டார்கள். ஆலங்குளத்துக்காரர் நேர்மையான மனிதர். "ரசீதுக்கு இனிமே ஒண்ணும் கழியாதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க" என்றார். வாத்தியார் வீட்டு அம்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். போனை வைத்துவிட்டு, நான் சொன்னது சரியாகத்தானே இருக்கிறது, மனிதர்கள் ரசீதுக்குத்தான் கொடுக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னது பலித்ததில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெருமையைப் போட்டு வண்டி ஓட்ட முடியாது என்பது ஏப்ரலில் தெரிந்தது.

ஏப்ரல் கூட்டத்தில் பொருளாளர் தெலுங்கில் எண்ணிப் பார்த்தும் பணம் கூடவில்லை. வாரம் ரெண்டு நாளுக்குத்தான் டீசல் தாங்கும், வெள்ளிக்கிழமை ஓட்டத்தை நிறுத்திவிடலாம் என்று முடிவாயிற்று. போய்ச் சொல்ல வேண்டியது என் தலையில் விழுந்தது. அடுத்த நாளே காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேனில் ஏறி விஷயத்தைச் சொன்னேன். கான்சாபுரம்தான் முதலில் பேசினாள்.

"வெள்ளிக்கெழம விட்டா திங்கக்கெழமதானக்கா. நடுவுல ஞாயிறு ஒண்ணு வாரதுக்கே எனக்கு மூச்சு முட்டுது. கால் ரெண்டும் வீங்கிப்போவுது. நாலு நாளு எப்பிடி இருக்க?"

"பஸ்ல..." என்று ஆரம்பித்தேன்.

"போவும்போது பஸ்ல போயிருவேன். திரும்பி வாரதுக்குத்தான் ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அண்ணாச்சி மறுநாள் தன் பழைய ராணுவ டிரங்குப் பெட்டியை வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப்போய், மூடியில் ஒரு நீளப் பிளவு போட்டு, பூட்டு மாட்டி, வேன் படிக்குப் பக்கத்தில் திருகி வைத்துவிட்டார். மேலே வெள்ளைப் பெயின்டில் 'நோயாளிகள் வேனுக்கு உதவி' என்று எழுதியிருந்தார். "ஒரு மாசம் பாப்பம் மேடம். அதுவரைக்கும் வெள்ளிக்கெழமயும் ஓட்டுவம். டீசல் என் பென்ஷன்ல" என்றார். நோயாளிகள் காசு போட்டு நோயாளிகள் வண்டி ஓடுமா என்று நான் சிரித்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது ரூபாய் நோட்டுகளுக்கு நடுவில் மஞ்சள் துணி முடிச்சுகள் கிடந்தன. பொருளாளர் ஒன்றை அவிழ்த்தார். பதினோரு ரூபாயும் குன்றிமணி அளவு மஞ்சளும். "இது நம்ம பெட்டியா, கோயில் உண்டியலா?" என்று கேட்டார்.

விசாரித்ததில் கான்சாபுரம்தான் ஆரம்பித்து வைத்தவள் என்று தெரிந்தது. ஒரு நாள் மெஷினில் இருக்கும்போது ரத்த அழுத்தம் படுத்துவிட்டதாம். கண் இருட்டிக்கொண்டு வந்ததும் மனதுக்குள் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல், வாசலில் நிற்கிற வேனைக் கூப்பிட்டிருக்கிறாள். வீடு போய்ச் சேர்ந்தால் உனக்கு முடிந்து போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாளாம். அண்ணாச்சி, எல்லா டிரைவர்களையும் போல, வெள்ளிக்கிழமை வேனுக்கு மாலை போட்டு, கண்ணாடியில் சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் எடுப்பார். சாமியாவதற்கு அது போதாதா? அவள் போட்டதைப் பார்த்து மற்றவர்கள் போட்டார்கள். அவர்கள் வீட்டார் போட்டார்கள். பக்கத்து வீட்டார் போட்டார்கள். கூமாபட்டிப் பக்கம் ஒருவர், மகள் போலீஸ் தேர்வில் ஓட்டப்பந்தயத்தில் தேறினால் வேனுக்கு ஐந்நூறு ரூபாய் என்று வேண்டிக்கொண்டார், அவள் தேறியும்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வேனின் மகிமையை யாராலும் தடுக்க முடியவில்லை.

எனக்கு இதில் சிரிப்பு தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஓட்டம் நிற்கவில்லை, வேறென்ன வேண்டும்? வரிவிலக்கு கேட்கிறவர்கள் போய், வரம் கேட்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று ஆபீஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

ஆடிப்பூரத்தன்று சிரிப்பு நின்றது. அன்று தேரோட்டம். அண்ணாச்சி நோயாளிகளை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, போக்குவரத்தைத் திருப்பிவிட்டதில் ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டார். முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. மாலை போட்ட வண்டி, சந்தனம் வைத்த கண்ணாடி, படியில் பூட்டுப் போட்ட பெட்டி. முதலில் ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு பத்து ரூபாயை உள்ளே விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் வரிசை கட்டிவிட்டார்கள். "இது கோயில் உண்டியல் இல்ல, ஆஸ்பத்திரி வேனு" என்று அண்ணாச்சி தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். "தெரியும் தெரியும், எழுதியிருக்கில்ல" என்று சொல்லிக்கொண்டே போட்டிருக்கிறார்கள். ரெண்டு மணி நேரம் வேன் நின்ற இடத்திலேயே அருள்பாலித்தது.

மறுநாள் என் வீட்டு முன்னறையில் பெட்டியைக் கவிழ்த்தோம். அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பொருளாளர் எண்ண ஆரம்பித்தார், எண்ணிக்கொண்டே இருந்தார். ஏப்ரலிலிருந்து பெட்டிக் காசு மட்டும் எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

"இத யார் யார் போட்டா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? போட்டவுகளுக்குத் தெரியும்" என்றார் அண்ணாச்சி.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. வேறு யார் மேலும் இல்லை, நான்கு மாதம் சிரித்துக்கொண்டிருந்த என் மேல். வருமான வரிச் சட்டத்தில் இதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது. பெயரும் விலாசமும் எழுதி வைக்காத நன்கொடை, வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, அல்லது மொத்த நன்கொடையில் இருபதில் ஒரு பங்கு வரை, எது அதிகமோ அதுவரைக்கும் தொந்தரவில்லை. அதைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் முப்பது காசு வரி. கறுப்புப் பணத்தை டிரஸ்ட் வழியாக வெளுக்கிறவர்களைப் பிடிக்கப் போட்ட வலை அது. அந்த வலையில் மஞ்சள் முடிச்சு மாட்டிக்கொண்டது. வருடம் முடிய இன்னும் ஏழு மாதத்துக்கு மேல் இருந்தது, லட்சத்தைத் தாண்ட அத்தனை நாள்கூட ஆகாது. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிற நானே செயலாளராக இருந்துகொண்டு எப்படிப் பெயர் எழுதாமல் விட்டேன் என்று யாராவது கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

"இதுக்கு விலக்கே கெடையாதா?" என்றார் பொருளாளர்.

"முழுக்க முழுக்க மத சம்பந்தப்பட்ட டிரஸ்டா இருந்தா உண்டு. கோயிலுக்குப் பேர் சொல்லாமப் போடலாம், ஆஸ்பத்திரிக்குப் போடக்கூடாது."

"அப்ப வேனையே கோயிலாப் பதிவு பண்ணிட்டா?" என்று கேட்டார் அண்ணாச்சி. விளையாட்டுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. அவ்வளவு கோபத்திலும் நான் சிரித்துவிட்டேன். அப்படிச் செய்தால் அர்ச்சகர் சம்பளம் நீங்கள்தான் தர வேண்டும் என்றேன்.

வழி ஒன்றுதான். பெட்டிக்குப் பக்கத்தில் நோட்டு வைக்க வேண்டும். போடுகிறவர்கள் பெயர், விலாசம் சொன்னால் போதும், பான் நம்பர்கூட வேண்டாம். அண்ணாச்சி நீள நோட்டு வாங்கி, கோடு போட்டு, பால்பாயின்ட் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டார். ரெண்டு வாரம் கழித்து நோட்டை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். அதற்குள் நாலு பக்கம் நிறைந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னார். திறந்து பார்த்தேன்.

நாச்சியார், மாட வீதி, ஸ்ரீவில்லிபுத்தூர், ஐம்பது ரூபாய். அதற்குக் கீழே, நாச்சியார், தேரடி, ஸ்ரீவில்லிபுத்தூர், இருபது ரூபாய். அதற்கடுத்து, மேற்படியார், மேற்படி விலாசம், நூற்றியொன்று. நடுவில் ரெண்டு இடத்தில் பெருமாள். நாலு பக்கத்துக்கும் இவர்கள் ரெண்டு பேர்தான் நன்கொடையாளர்கள்.

"என்ன அண்ணாச்சி இது?"

"நான் என்ன செய்ய? பேரு கேட்டா இதத்தான் சொல்லுதாக. சொன்னத எழுதுனேன்."

"நோட்டீஸ் வந்தா நாச்சியார ஆபீசர் முன்னால கொண்டுபோய் நிறுத்துவீங்களா?"

"அவிய வந்தா ஆபீசர் எந்திரிச்சுல்ல நிப்பாரு" என்றார்.

இனி பொறுப்பதில்லை என்று, அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் நோட்டோடு நானே வேனில் ஏறினேன். பிறகு ஏறப்போகிற சோழபுரம் ரெண்டு பேர் தவிர, மற்ற ஐந்து பேரும் இருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பிரசங்கமே செய்தேன். பெயர் இல்லாமல் போட்டால் வரி வரும், பொய்ப் பெயர் எழுதினால் அதைவிட மோசம், ஆகையால் இன்றிலிருந்து நிஜப் பெயர்தான் எழுத வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கழற்றிவிடுவேன், பெட்டி போனால் வெள்ளிக்கிழமை வண்டியும் போகும் என்றேன். குரல் தேவைக்கு அதிகமாகவே ஏறியிருந்தது.

"சாமிக்குப் போட்டத வெளிய சொல்லலாமா?" என்றார் ஒரு பெரியவர்.

"இது சாமியில்ல, வேன்!"

"கோவப்படாதீக யக்கா" என்றாள் கான்சாபுரம். "செத்த ஒக்காருங்க, சொல்லுதேன். சாமி சமாச்சாரம் ஒரு பக்கம் கெடக்கட்டும். எங்க பயம் வேற."

உட்கார்ந்தேன்.

"எங்களுக்கு மெஷின் ஓசியாப் போடுதாகல்ல, காப்பீட்டு அட்டைய வச்சு. வருமானம் கம்மின்னு வி.ஏ.ஓ. கிட்டப் போயி எழுதி வாங்குன அட்ட. இப்ப இன்கம்டாக்ஸ் நோட்டுல, இன்னாரு இந்த ஊரு, வேனுக்கு இம்புட்டுக் குடுத்தாகன்னு இருந்தா என்ன ஆகும்? தானம் பண்ணுத அளவுக்கு வசதி இருக்கு, அட்டைய வெட்டுன்னுருவாகல்ல? அட்ட போச்சுன்னா நான் அம்புட்டுத்தான். அதான் நாச்சியார் பேரச் சொன்னோம். அவியளுக்கு அட்ட தேவையில்ல."

வேனில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருடமாக நான் பார்த்ததெல்லாம், கொடுத்ததைச் சர்க்காருக்குக் காட்டிக்கொள்ளத் துடிக்கிறவர்களை. கொடுத்தது தெரிந்துவிடக்கூடாதே என்று பயந்துகொண்டே கொடுக்கிறவர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதுவும் பத்து ரூபாயை, இருபது ரூபாயை. இவர்களைத்தான் இத்தனை நேரம் அதட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படியெல்லாம் ஆகாது என்று சொன்னேன், இந்த முறை மெதுவாக. இந்த நோட்டு எங்கள் பீரோவில்தான் இருக்கும். அதிகாரிகள் கேட்டால் காட்டுவோம், அதுவும் காசு எங்கிருந்து வந்தது என்பதற்காக. பத்து ரூபாய் போட்டதற்காக யாருடைய அட்டையையும் யாரும் தொட மாட்டார்கள். அப்படி ஏதாவது கேள்வி வந்தால் முதலில் என்னைக் கேட்கட்டும், நான் பதில் சொல்கிறேன் என்றேன்.

"அப்ப சரி" என்றாள். "மொதல்ல ஒங்களத்தான் கேப்பாகன்னா, மொதல்ல ஒங்க பேருல்ல இருக்கணும். நீங்க போட்டது எந்தப் பக்கத்துல இருக்கு? அதுக்குக் கீழ நான் எழுதுதேன்."

குத்தலாகக் கேட்கவில்லை. நோட்டைக் கையில் வாங்கி, உண்மையாகவே பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடினாள்.

என் பெயர் அதில் இல்லை. அதில் மட்டுமல்ல, டிரஸ்டின் எந்த ரசீதுப் புத்தகத்திலும் இல்லை. இத்தனை வருடத்தில் அந்த வேனுக்கு நான் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. கணக்கைச் சும்மாதானே பார்த்துக் கொடுக்கிறேன், பதிவுக்கெல்லாம் அலைகிறேன், அதுவே பெரிய காரியம் என்று இருந்துவிட்டேன். ஆலங்குளத்துக்காரராவது ரசீது வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தார். வாத்தியார் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டாவது கொடுத்தார்கள். அவர்களை நான் எத்தனை பேரிடம் கேலி செய்திருக்கிறேன்!

அண்ணாச்சி கண்ணாடியில் என்னைப் பார்ப்பதைத் தவிர்த்து, ரோட்டையே முறைத்துக்கொண்டு ஓட்டினார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"என் பேர் இல்லம்மா" என்றேன். "நான் போட்டதே இல்ல."

அவளுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. "அதனாலென்ன, இப்பப் போடுங்க" என்று நோட்டையும் நூலில் கட்டிய பேனாவையும் நீட்டினாள்.

கைப்பையில் மளிகைக்கு வைத்திருந்த பணம் மூவாயிரத்துச் சொச்சம் இருந்தது. ஐந்நூறை எடுக்கப்போன கை தானாகவே எல்லாவற்றையும் எடுத்தது. புதிய பக்கத்தின் முதல் வரியில் என் பெயர், கதவு எண், தெரு, ஊர், தொகை எல்லாம் எழுதினேன். தொழில் பழக்கம், கேட்காமலே பான் நம்பரையும் எழுதிவிட்டேன்.

"மேடம், எய்ட்டி ஜி ரசீது வேணுமா?" என்றார் அண்ணாச்சி, திரும்பிப் பார்க்காமலே.

"வேண்டாம். நானும் புதுத் திட்டத்துக்கு மாறி ரெண்டு வருஷம் ஆச்சு" என்றேன். வேனே குலுங்கிச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அது என்ன திட்டம் என்று தெரியாது. என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். எனக்கும் மனசு லேசாகிவிட்டது.

நான் எழுதியதைக் கான்சாபுரம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு மெஷின் ஊசி ஏறுகிற இடது கையில் பாரம் படாமல் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். அவளுடைய அப்பா பெயரின் முதல் எழுத்து, பெயர், வடக்குத் தெரு, பத்து ரூபாய். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. நோட்டில் எழுதியது நோட்டில் இருக்கட்டும். ஆனால் நல்ல பெயர். மூன்று வருடமாக அவளை ஊர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு நான் வெட்கப்பட்டேன்.

"ஏன் யக்கா அப்பிடிப் பாக்கீக, தப்பா எழுதிட்டேனா?"

"இல்ல, சரியா இருக்கு" என்று சொல்லி, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் ஒரு நொடி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு நோட்டைப் பின் சீட்டுக்கு நகர்த்தி, "எழுதுங்க, எழுதுங்க, அக்காவே எழுதிட்டாக" என்று எல்லோரையும் அதட்டினாள்.

ராஜபாளையம் வந்து சேர்வதற்குள் பக்கம் நிறைந்துவிட்டது. இறங்கும்போது அவள் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த வெள்ளிக்கெழம வண்டி வரும்லா?"

"வரும்" என்றேன். "நானும் வாரேன்."